அனதர் துரையின் பலகை

போன மாசியில் எங்கள் கிளப் மைதானத்தில் மின்சார ஸ்கோர் போர்டு வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டு, மாலை போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்தப் போர்டை இயக்குகிற பிள்ளைகள் இரண்டு பேர் தேநீர் நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஐயா, நீங்க பதினாலு வருசம் எல்லா மேட்சையும் கிரவுண்டுலயே பாத்திருக்கீங்க. நாங்க டிவியிலதான் பாக்குறோம். குடுத்து வச்சவருங்க நீங்க" என்றான் ஒருவன்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பதினாலு வருடத்தில் நான் ஒரு மேட்சைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. வயசானவர் ஏதோ விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பான். விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஹட்டனில் மகள் வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த மேட்சின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போகிறது. மலரில் இடம் இல்லையென்றால் விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெட்டி எழுதுகிறவனாக இருந்தவன். ஃபேக்டரியில் தேயிலையை அடைத்து முடித்ததும் பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயரையும் தூளின் தரத்தையும் இங்கிலீஷ் எழுத்தில் போட வேண்டும். தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துக் கறுப்பு மையைத் தடவினால் எழுத்து விழும். அச்சு உடைந்துபோன நாட்களில் நான் கையாலேயே எழுதுவேன். எது அச்சு, எது கை என்று ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கருக்கே அடையாளம் தெரியாது. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் ஒன்று: எனக்கு இருபத்தாறு எழுத்தும் தெரியுமே தவிர, இங்கிலீஷ் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. இந்தக் கதையின் கோளாறு முழுவதும் அங்கேதான் ஆரம்பம்.

சுதந்திரம் கிடைத்து இரண்டு வருடம் கழித்துத் துரைமார் கிளப்பில் புதிதாக ஸ்கோர் போர்டு கட்டினார்கள். எண்ணும் பெயரும் எழுத ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் செதுக்கி, கறுப்படித்து, வெள்ளையில் எழுதிக் கொடுத்தேன். எழுதினவனே மாட்டட்டும் என்று சனி ஞாயிறுகளில் போர்டு வேலையும் என் தலையில் விழுந்தது. இரண்டு மூன்று மேட்ச் தடுமாறினேன். பிறகு பழகிவிட்டது.

போர்டு என்றால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தகரக் கொட்டகை. முன்பக்கம் முழுவதும் சதுரச் சதுரமாக ஓட்டைகள். உள்ளே ஏணியில் நின்று ஒவ்வொரு ஓட்டையிலும் பலகையை மாட்டுவேன். பலகை தொங்கினால் ஓட்டை அடைபட்டுவிடும். ஒரு பலகையை எடுத்து இன்னொன்றை மாட்டுகிற இடைவெளியில்தான் மைதானம் எனக்குத் தெரியும். அதனால் யாராவது நன்றாக அடித்தால் எனக்கு ஆட்டம் நிறையத் தெரியும்; கட்டை போட்டுக்கொண்டே நின்றால் முழு இருட்டு. நான் பார்த்த கிரிக்கெட் அவ்வளவுதான். இன்றைக்கு ஒரே பந்தைப் பத்துத் தடவை திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். பார்த்துப் பார்த்து எனக்குக் கொட்டாவி வருகிறது.

ஆனால் எனக்கு எதிரே ஒரு கூட்டம் இருந்தது. போர்டுக்கு நேர் எதிரே, மைதானத்துக்கு அந்தப் பக்கம் பெவிலியன். துரைமாரும் துரைசானிமாரும் அங்கே உட்கார்ந்து நேரில் பார்ப்பார்கள். பெவிலியனுக்குப் பின்னால் மலை எழும்பிப் போகும். மலை முழுவதும் தேயிலை. அங்கே எங்கள் சனம் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து பந்து தெரியாது. வெள்ளைச் சட்டைகள் அங்கும் இங்கும் ஓடுவது மட்டும் தெரியும், யார் எவர் என்று தெரியாது. தெரிவதெல்லாம் என் போர்டுதான். 'மேட்ச் பாத்தோம்' என்று நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்களில் யாரும் சொன்னதில்லை. 'போர்டு பாத்தோம்' என்றுதான் சொல்வார்கள். கை கொழுந்தில், கண் போர்டில். பின்னாளில் உலகமே ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து மேட்ச் பார்க்கப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் மலை அதை அப்போதே செய்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்குள்ளே நான் இருந்தேன்.

மேலே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்த சிலருக்கும் தமிழ் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு துரையின் பெயர்ப் பலகையிலும் மூலையில் ஒரு நிறப் பொட்டு வைத்தேன். சிவப்பு என்றால் எங்கள் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரை, பச்சை என்றால் பக்கத்துத் தோட்டத்துத் துரை, மஞ்சள் என்றால் வங்கித் துரை. இதை லயங்களில் சொல்லி வைத்திருந்தேன். எண் எல்லோருக்கும் தெரியும், கொழுந்து நிறுக்கிற இடத்தில் பழகினது. கிளப் செக்ரட்டரி துரை பொட்டுகளைப் பார்த்து ஒருநாள் கேட்டார். அழகுக்காகப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

என் மேலாள் தேவசகாயம் ஐயா. எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், கிளப்பின் ஸ்கோரர். மெலிந்த உருவம், எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு. பதினாலு வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். பெவிலியன் பக்கத்தில் அவருக்கு ஒரு மேசை, மேசையில் ஸ்கோர் புத்தகம், ஒரு பேனா, சீவிய பென்சில் இரண்டு, ஒரு பித்தளைக் கைமணி. ஆட்டக்காரர்களின் பெயரைக் காலையிலேயே பேனாவால் எழுதிவிடுவார். ஓட்டங்களைப் பென்சிலால் எழுதுவார். ஏன் என்று கேட்டதற்கு, "ஓட்டம் திருத்துறதுக்கு உரியது. பேர் அப்பிடி இல்ல" என்றார்.

அம்பயர் சைகை காட்டினால் ஐயா வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்துவார். முதலில் எழுதுவார், பிறகுதான் மணி அடிப்பார். ஒரு மணி என்றால் ஓட்டம்; நான் பலகையை எடுத்ததும் எத்தனை என்று விரலில் காட்டுவார். இரண்டு மணி என்றால் விக்கெட். மூன்று மணி அடித்தால் போர்டு தப்பு, என்னைப் பார் என்று அர்த்தம். என் பக்கமிருந்து அவருக்குச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. எனக்கு ஏதாவது சந்தேகம் என்றால் அந்த ஓட்டையில் எழுத்தில்லாத கறுப்புப் பலகையை மாட்ட வேண்டும். அது தொங்கினால் ஐயா எழுந்து நிற்பார். அவர் எழுந்து நின்றால் அம்பயர் ஆட்டத்தை நிறுத்துவார். சந்தேகம் தீர்ந்த பிறகுதான் அடுத்த பந்து. "புத்தகத்துல இருக்கிறதுதான் போர்டுல. ரெண்டும் வேறயா இருந்தா மாத்த வேண்டியது போர்டை" என்பது அவருடைய சட்டம். முதல் ஆறு வருடத்தில் நான் கறுப்புப் பலகையை இரண்டே தடவைதான் மாட்டியிருந்தேன்.

இனி அனதர் துரைக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் பெயர்ப் பலகை எழுதச் சொல்லிச் செக்ரட்டரி துரை ஒரு தாளில் பெயர்களை எழுதிக் கொடுத்தார். கடைசிப் பெயர் ஏ, என், அதற்குப் பிறகு ஓ-டி-எச்-இ-ஆர். நான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அ, ன், அதர். அனதர். புதிதாக வந்த துரையாக இருக்கும், முதல் பலகையே நன்றாக அமையட்டும் என்று மற்றப் பலகைகளைவிடச் சிரத்தையாக எழுதினேன். பொட்டு வைக்க நிறம் தீர்ந்துவிட்டது. 'பொட்டு இல்லாத பலகை அனதர் தொரை' என்று லயத்தில் சொல்லிவிட்டேன்.

பலகை மாட்டுகிற நாட்களில் ஓட்டை வழியாக அந்த மனிதரைத் தேடுவேன். ஒரு மேட்சில் அனதர் துரை குட்டையாகத் தொப்பையோடு இருந்தார். அடுத்த மாதம் பார்த்தால் நெட்டையாக, இடது கையால் பந்து போட்டார். லயத்தில் கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணன் தம்பிங்க" என்றேன். அதற்குப் பிறகு மலையில் அனதர் குடும்பம் பெருகிக்கொண்டே போனது. பெரியவர் கெட்டிக்காரர், சின்னவருக்குப் பந்தே பிடிக்கத் தெரியாது என்றெல்லாம் கொழுந்து நிரையில் பேச்சு. கடைசியில் பெண்கள் சொல்லி அனுப்பி, நானே ஒருநாள் தேவசகாயம் ஐயாவிடம் கேட்டேன்.

"ஐயா, இந்த அனதர் தொரைக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

ஐயா பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரித்தார் பாருங்கள், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"இராமையா, அப்பிடி ஒரு மனுசனே கெடையாது. அனதர்னா இன்னொருத்தர். யார் ஆடப்போறாங்கன்னு தெரியாதப்ப, இல்லாட்டி சொல்ல விரும்பாதப்ப, வெள்ளைக்காரன் அந்தப் பேரப் போடுவான்."

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. சரி, லயத்தில் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லவில்லை. பெட்டி எழுதுகிற இராமையாவுக்கு இங்கிலீஷ் அத்துப்படி என்று தோட்டமே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெட்கம். அனதர் துரையை அப்படியே உயிரோடு விட்டுவிட்டேன். நான் செய்த பிழையில் இதுதான் பெரிது, அதை இன்றைக்கு அச்சில் ஒப்புக்கொள்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், சீமையிலிருந்து கப்பலில் வந்த அணி ஒன்று கொழும்பில் இறங்கி, ஒரு சனிக்கிழமை எங்கள் மைதானத்திலும் ஆட வந்தது. அந்த அணியில் காசுக்கு ஆடுகிறவர் ஒருவர் இருந்தார். விளையாட்டே அவருக்குத் தொழில். அவர்கள் கொண்டுவந்த அட்டையைத் தேவசகாயம் ஐயா எனக்குக் காட்டினார். பொழுதுபோக்குக்கு ஆடுகிற துரைமாருக்கு முதலெழுத்து முன்னாலும் பெயர் பின்னாலும் இருந்தது. அந்த ஒருவருக்கு மட்டும் பெயர் முன்னால், முதலெழுத்து பின்னால். கூலிக்கு ஆடுகிறவன் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்களாம். அவர்களிலும் பங்களா வேறு, லயம் வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று காலை நானுஓயாப் பாதையில் மண் சரிந்து, எங்கள் பக்கத்துத் துரை ஒருவரின் கார் மாட்டிக்கொண்டது. பதினோராவது ஆள் இல்லை. எங்கள் அணிக்குத் தலைவர் எங்கள் சின்னத்துரை. அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அன்றைக்கு மலைக்குப் போகாமல் மைதானத்தில் உருளை இழுத்துக்கொண்டிருந்த சன்னாசியைக் கூப்பிட்டார்.

சன்னாசி கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைக் கத்தியால் ஒரே வெட்டில், கிளை பிளக்காமல், சாய்வாக வெட்டுகிறவன். அந்த வேலைக்காரர்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். துரைமார் அவர்களைப் பிடித்து வந்து, தாங்கள் அடித்துப் பழகுவதற்குப் பந்து போட வைப்பார்கள். மற்றவர்கள் சும்மா எறிந்துவிட்டுப் போவார்கள். சன்னாசியின் மணிக்கட்டு மட்டும் கத்தி வெட்டுகிற மாதிரியே திரும்பும். பந்து ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் போகும். சின்னத்துரையே அவனிடம் பலமுறை ஏமாந்திருக்கிறார்.

ஒரு கிளாக்கரின் வெள்ளைக் காற்சட்டையைச் சன்னாசிக்கு மாட்டி, இடுப்பில் கயிறு கட்டினார்கள். செக்ரட்டரி துரை என் போர்டுக்கு வந்து கீழே நின்றார். ஒரு தோட்டத் தொழிலாளி ஆடுகிறான் என்று விருந்தாளிகளுக்கு முன்னால் காட்ட அவருக்கு மனம் இல்லை.

"அந்த ஆளுக்கு ஏ. என். அதர்" என்றார்.

"சரிங்க தொரை" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. விடியற்காலைப் பெரட்டில் எல்லோரும் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்துக் கூப்பிடுவார். நாள் முழுக்க உழைத்தால் முழுப்பேர். மழை வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர். 'இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?' என்றுதான் எங்கள் சனம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும். அந்த வருடங்களில் வாக்காளர் இடாப்பிலிருந்து எங்கள் பெயர்களை எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் பெயர் எழுதப்பட்ட ஒரே புத்தகம் அந்தச் செக்ரோல்தான். அதனால் பேர் என்கிற சொல் எங்களுக்குச் சாதாரணச் சொல் இல்லை.

விருந்தாளிகள் முதலில் அடித்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு அந்தத் தொழில்காரர் உள்ளே வந்தார். அவர் அடிக்க ஆரம்பித்ததும் எனக்கு மூச்சு விட நேரம் இல்லை. பலகை எடுப்பதும் மாட்டுவதுமாக ஏணியில் ஏறி இறங்கிக் கால் வலித்தது. எங்கள் துரைமார் ஒவ்வொருவராகப் பந்து போட்டு ஓய்ந்தார்கள். சின்னத்துரை கடைசியில் பந்தைச் சன்னாசியிடம் கொடுத்தார். சன்னாசி முதலில் செய்த வேலை, காலில் மாட்டிவிட்டிருந்த இரவல் சப்பாத்தைக் கழற்றி அம்பயருக்குப் பின்னால் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்ததுதான். பெவிலியனில் யாரோ சிரித்தார்கள். பந்து போடுகிறவரின் ஓட்டையில் பொட்டு இல்லாத பலகையை மாட்டினேன்.

முதல் ஓவரில் அடி வாங்கினான். இரண்டாவது ஓவரில் அந்தத் தொழில்காரர் இரண்டு ஓட்டம் எடுத்தார். ஒரு மணி அடித்தது. நான் பழைய எண்ணை எடுத்துவிட்டேன், புதிய எண் என் கையில் இருந்தது, ஓட்டை திறந்திருந்தது. மாட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். சன்னாசி நாலு அடி நடந்து வந்து கையைச் சுற்றினான். பந்து வெளியே போகிற மாதிரிக் குத்தியது. அவர் மட்டையைத் தூக்கிக் காலை நீட்டினார். பந்து கவ்வாத்து வெட்டு மாதிரிச் சாய்வாக உள்ளே திரும்பி நடுக் குச்சியைச் சாய்த்தது. பதினாலு வருடத்தில் நான் கண்ணால் முழுசாகப் பார்த்த ஒரே விக்கெட் அது. யாரும் எனக்குத் திருப்பிக் காட்டவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பந்து எங்கே குத்தியது என்று காட்டுவேன்.

இரண்டு மணி அடித்தது. விக்கெட் எண்ணை மாற்றினேன். அந்தத் தொழில்காரர் நடக்கத் தொடங்கினார், பிறகு நின்று போர்டைத் திரும்பிப் பார்த்தார். தன்னை வீழ்த்தினவன் யார் என்று பெயரைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு போனார். அவருக்கு இங்கிலீஷ் தெரியுமே, அப்படி ஒரு மனிதன் இல்லை என்று தெரிந்திருக்கும்.

அப்போதுதான் மலையிலிருந்து சத்தம் வந்தது. எங்கள் பக்கம் ஒரு மலையில் கூப்பிட்டால் அடுத்த மலையில் கேட்கும். நிரை நிரையாகப் பெண்கள் கூவினார்கள்.

"அனதர் தொரை! அனதர் தொரை எடுத்துட்டாருடி!"

அதில் ஒரு குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். பவளம். சன்னாசியின் மனைவி. தன் புருசன் எங்கோ பந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து, இல்லாத ஒரு வெள்ளைக்காரனுக்காகத் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளைக்காரனை உண்டாக்கினவனே நான்தான். பெவிலியனில் இருந்தவர்கள் நேரில் பார்த்துவிட்டார்கள், அவர்களுக்கு யாரென்று தெரியும். மேலே இருந்தவர்களுக்கு நான் மாட்டுகிறதுதான் நடந்தது. நான் இப்போது சும்மா இருந்தால் சன்னாசி அந்தப் பந்தைப் போடவே இல்லை.

அனதர் துரையைக் கழற்றினேன். அந்த ஓட்டையில் கறுப்புப் பலகையை மாட்டினேன்.

இன்னும் எண் மாட்டாத ஓட்டை வழியாகப் பார்த்தேன். தேவசகாயம் ஐயா எழுந்து நின்றார். அம்பயர் கையைத் தூக்கினார். ஆட்டம் நின்றது. இத்தனை பேர் முன்னால், கப்பலில் வந்த விருந்தாளிகள் முன்னால், பெட்டி எழுதுகிற ஒருவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டான். இந்த வேலை போய்விடும், ஃபேக்டரி வேலையும் சேர்ந்து போகலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐயா மூன்று மணி அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லைக்கோட்டை ஒட்டி, அவசரப்படாமல் போர்டை நோக்கி நடந்து வந்தார். ஆட்டம் நடக்கும்போது அவர் மேசையை விட்டு அசைந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பின்பக்கம் வந்து ஏணியின் அடியில் நின்றார்.

"என்ன சந்தேகம், இராமையா?" மிக மெதுவாகக் கேட்டார்.

"பந்து போட்டது யாருங்க ஐயா?"

"பலகை மாட்டியிருந்தியே."

"அப்பிடி ஒரு மனுசனே கெடையாதுன்னு நீங்கதானங்க சொன்னீங்க."

ஐயா புத்தகத்தை விரித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் அணிப் பக்கத்தில் பதினோராவது வரி. பெட்டியில் எழுதிப் பழகின எழுத்துத்தானே, கூட்டினேன். எஸ், ஏ, என், என்... சன்னாசி. பேனாவால் எழுதியிருந்தது. மை காய்ந்து பல மணி நேரம் ஆகியிருந்தது.

"காலையிலயே எழுதிட்டீங்களா ஐயா?"

"போர்டுல என்ன தொங்கணும்னு செக்ரட்டரி தொரை சொன்னாரு. புத்தகத்துல என்ன எழுதணும்னு அவர் சொல்லல." கண்ணாடியைச் சரிசெய்தார். "இப்பப் புத்தகம் ஒண்ணு சொல்லுது, போர்டு ஒண்ணு சொல்லுது. எதை மாத்தணும்?"

"போர்டைங்க."

"அப்ப ஏன் நிக்கிற?"

அனதர் துரையின் பலகையைப் புரட்டினேன். பின்பக்கம் கறுப்பு. வெள்ளைச் சாயத்தில் தூரிகையைத் தோய்த்து முதல் எழுத்தைப் போட்டேன். ஐயா கீழேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"தமிழ்லயா?"

"மேல இருக்கிறவங்களுக்கு இங்கிலீசு தெரியாதுங்க ஐயா."

தடுப்பார் என்று நினைத்தேன். "அந்த 'னா'வை நல்லாச் சுழி. தூரத்துல தெரியணும்" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே நடந்து போனார். அந்தக் காலத்தில் 'னா'வுக்குக் கால் போடுகிற வழக்கம் இல்லை, அடியில் சுழித்து இழுக்க வேண்டும். நான் சுழித்த சுழி பலகையின் ஓரம் வரைக்கும் போனது. ஈரம் காயாமலே மாட்டினேன், விட்டுப்போன ஓட்ட எண்ணையும் மாட்டினேன்.

ஓட்டைகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. பக்கத்து எண்ணைக் கொஞ்சம் நகர்த்தி, அந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன். செக்ரட்டரி துரை ஐயாவின் மேசைக்கு வேகமாக வந்து, போர்டைக் காட்டிக் காட்டிப் பேசினார். ஐயா புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். என்ன சொன்னார் என்று பிறகு பெவிலியன் சமையல்காரர் எனக்குச் சொன்னார்: "போர்டில் ஒரு பிழை இருந்தது சேர். திருத்தியாகிவிட்டது." அவ்வளவுதான். இங்கிலீஷில், மெதுவாக. சின்னத்துரை மைதானத்திலிருந்து போர்டைப் பார்த்துக் கைதட்டிவிட்டார். தலைவரே கைதட்டிய பிறகு செக்ரட்டரி என்ன செய்வார்? அம்பயர் கையை இறக்கினார்.

மேலே நடந்ததைப் பவளமே எனக்குச் சொன்னாள். பலகை மாறினதும் என்ன எழுத்தென்று யாருக்கும் பிடிபடவில்லையாம். கொழுந்து நிறுக்க வந்திருந்த கணக்கப்பிள்ளையை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "ச... ன்... னா... சி" என்று எழுத்துக் கூட்டினார்.

"எந்தச் சன்னாசி?" என்று கேட்டிருக்கிறாள் பவளம்.

"ஏன்டி, தோட்டத்துல எத்தன சன்னாசி இருக்கான்? ஒன் ஆளுதான்!"

மலை முழுவதும் "சன்னாசி! சன்னாசி!" என்று கூவியது. அது எனக்குத் தகரத்துக்குள்ளே கேட்டது, தகரமே அதிர்ந்தது. பவளத்தால் மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. புருசன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் பெண்களிடம் அப்போது இல்லை. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நிறுவைத் தராசு வைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று கத்தினாள்:

"அது எங்க வீட்டுப் பேரு! எங்க வீட்டுப் பேருய்யா அது!"

நான் தகரக் கொட்டகைக்குள் தனியாக நின்று அழுதேன். சந்தோசத்தில்தான்.

மேட்சில் தோற்றோம். அதைச் சொல்லாமல் விட்டால் தேவசகாயம் ஐயா எழுந்து வந்து கறுப்புப் பலகையை மாட்டுவார். அடுத்த இரண்டு மேட்சுக்கு என்னைப் போர்டுப் பக்கம் வரவேண்டாம் என்றார் செக்ரட்டரி துரை. எனக்குப் பதிலாக வந்தவர் ஆறைத் தலைகீழாக மாட்டி ஒன்பதாக்கி, ஐயாவின் மணி ஓயாமல் அடித்ததாகக் கேள்விப்பட்டேன். மூன்றாவது மேட்சுக்கு என்னையே கூப்பிட்டு அனுப்பினார்கள். அறுபத்து நான்கு வரைக்கும் போர்டு என் கையில்தான் இருந்தது. சன்னாசி அதற்குப் பிறகும் சில மேட்ச் ஆடினான், ஒவ்வொரு தடவையும் தமிழில்தான் மாட்டினேன். பின்னாளில் எங்கள் சனத்தை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் பெயர் வந்து அவனும் பவளமும் கப்பல் ஏறியபோது அந்தப் பலகையைக் கிளப்பில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு பக்கம் அனதர் துரையும் மறுபக்கம் அவனுமாக இந்தியாவுக்குப் போனார்கள். லயத்தில் அனதர் துரையைப் பற்றிய உண்மையையும் ஒருவழியாகச் சொன்னேன். ஒரு மாதம் என்னைக் கேலி செய்து கொன்றுவிட்டார்கள்.

இப்போது தொலைக்காட்சியில் ஒருவன் விக்கெட் எடுத்ததும் அவன் முகமும் பெயரும் தானாக வந்து விழுகின்றன. நல்லதுதான். அந்தப் பிள்ளைகளின் மின்சாரப் போர்டிலும் பொத்தானை அழுத்தினால் போதும். நான் அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: அழுத்துகிற பெயர் சரியான பெயரா என்று ஒரு தடவை மைதானத்தைப் பாருங்கள்.

அந்த மேட்சுக்கு அடுத்த திங்கட்கிழமைப் பெரட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் ஃபேக்டரிக்குப் போகிறவன், பெரட்டுக் களத்தில் எனக்கு வேலை இல்லை. அன்றைக்கு வேண்டுமென்றே அந்த வழியாகப் போய் ஓரமாக நின்றேன். பனி விலகவில்லை. எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோலை விரித்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். சன்னாசியிடம் வந்ததும் நிறுத்தினார். மலையில் அன்றைக்கு எழுத்துக் கூட்டின அதே கணக்கப்பிள்ளைதான். ஆனால் பெரட்டில் அவர் வேறு மனிதர்.

"சன்னாசி, சனிக்கிழம நீ மலைக்கு வரல. ஒனக்குப் பேர் இல்ல."

சன்னாசி தலையைச் சொறிந்துகொண்டு பணிவாகச் சொன்னான்: "இருந்துச்சுங்களே ஐயா. நீங்கதானங்க எழுத்துக் கூட்டி வாசிச்சீங்க."

பெரட்டே வாய்விட்டுச் சிரித்தது. பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், நுனியை நாக்கில் தொட்டார், குனிந்து எழுதினார்.

"முழுப்பேர்" என்றார். "அடுத்த ஆள்!"